கொள்கலனும் படிமமும்: கட்டளை வரியில் ஒரு பாடம்

எங்கள் ஊர் புளியங்கூடலுக்கு அண்மையில் உள்ள ஊர்காவற்றுறை, முன்னாளில் தோணிகள் வந்து தங்கிய துறைமுகம். அக்காலத்தில் மூட்டை வேறு, பெட்டி வேறு, பீப்பா வேறு என ஒவ்வொன்றையும் ஆட்களே தனித்தனியாகச் சுமந்து ஏற்றி இறக்கினார்கள். 1956இல் அமெரிக்காவில் மல்கம் மக்லீன் 58 கொள்கலன்களைக் கப்பலேற்றி அனுப்பினார். சரக்கு ஏற்றுமதியின் போக்கே அதன்பின் மாறியது.

மென்பொருளுக்கும் அத்தகைய கொள்கலன் உண்டு. 2013இல் வெளியான டொக்கர் அதனைப் பரவலாக்கியது. ஒரு மென்பொருளையும், அது இயங்கத் தேவையான துணைக் கோப்புகளையும் சேர்த்துக் கட்டிய பொதியே படிமம். அப்படிமத்தை இயக்கும்போது உருவாவது கொள்கலன். ஒரே அச்சில் பல பலகாரம் வார்ப்பதுபோல ஒரு படிமத்திலிருந்து பல கொள்கலன்களை இயக்கலாம்.

தோழியரே, ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் இணையத்தளம் மீடியாவிக்கி என்னும் மென்பொருளில் இயங்குகிறது. நம் கல்லூரியின் பழைய மலர்களைத் தொகுக்க அதே மென்பொருளை நாமும் நிறுவலாம். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டச்சிட வேண்டும். இங்கு அவற்றின் ஒலியை மட்டும் தருகிறேன்.

'டொக்கர் புல்' படிமத்தைத் தரவிறக்கும். 'டொக்கர் இமேஜ் எல்எஸ்' கையிருப்பைப் பட்டியலிடும். 'டொக்கர் இமேஜ் ஆர்எம்' வேண்டாததை நீக்கும். படிமம் அடுக்கடுக்காக அமைந்தது. ஏற்கெனவே நம்மிடமுள்ள அடுக்கு மீண்டும் இறங்காது. புதியது மட்டுமே இறங்கும். டேட்டா அட்டையை நம்பியிருக்கும் தீவக வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல்.

படிமத்தின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியிட்டு எழுதுவது டேக் என்னும் சிட்டை. எதுவும் எழுதாவிட்டால் 'லேட்டஸ்ட்' என டொக்கரே எடுத்துக்கொள்ளும். சிட்டையைக் கழற்றி வேறு பொதியில் ஒட்டலாம். இன்று 'லேட்டஸ்ட்' காட்டும் படிமத்தை அடுத்த ஆண்டு அது காட்டாது. மீடியாவிக்கியின் பதிப்பு மாறினால் தரவுத்தளத்தையும் அதற்கேற்ப மேம்படுத்த வேண்டும். இல்லையேல் தளம் பிழை காட்டும். எனவே பதிப்பெண்ணைக் குறித்தே தரவிறக்குங்கள். இன்னும் உறுதி வேண்டுமெனில் டைஜஸ்ட் உண்டு. அது உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்படும் 64 எழுத்தெண்கள் கொண்ட குறி. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் குறி மாறிவிடும்.

இணையம் மெதுவான இடத்துக்கு 'டொக்கர் சேவ்' கைகொடுக்கும். யாழ் நகரில் தரவிறக்கிய படிமத்தை ஒரே கோப்பாக்கி, பென் டிரைவில் இட்டுப் பண்ணைப் பாலம் கடந்து கொண்டுவந்து, வீட்டுக் கணினியில் 'டொக்கர் லோட்' கொடுத்தால் போதும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 'சேவ்' காப்பது படிமத்தை மட்டுமே. நாம் பதிவேற்றிய மலர்கள் அதில் வராது. கொள்கலனுக்குள்ளேயே அவற்றை வைத்திருந்தால், கொள்கலனை நீக்கும்போது அவையும் போய்விடும். அவற்றை வால்யூம் எனப்படும் தனிச் சேமிப்பிடத்தில் வைத்து, அதற்கு வேறாகப் பிரதி எடுக்க வேண்டும்.

படிமம் அழிந்தால் மறுபடி தரவிறக்கலாம். தரவு அப்படியல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டுச்சுவடிகள் உள்ளிட்ட பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. ஆகவே கட்டளை பழகும் மாணவி முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது: "இதை அழித்தால் மீண்டும் எங்கிருந்து எடுப்பேன்?" பதில் தெரிந்த பிறகு 'ஆர்எம்' கட்டளையைத் தட்டுங்கள்.