தொலைவைச் சொல்லும் ஒளி

கன்னி விண்மீன் குழுவில் மங்கலான ஒளிப்புள்ளி ஒன்று உள்ளது. அதன் பெயர் 3சி 273. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அது, தொலைநோக்கியில் சாதாரண விண்மீனைப் போலவே தோன்றும். ஆனால், அங்கிருந்து வலிமையான வானொலி அலைகள் வந்ததால் வானியலாளர்கள் வியப்படைந்தனர்.

அமெரிக்காவின் பலோமார் மலையிலுள்ள 5 மீட்டர் தொலைநோக்கியின் உதவியுடன், மார்ட்டன் ஷ்மிட் அதன் ஒளியை வண்ணங்களாகப் பிரித்து ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்தார். இவ்வாறு கிடைக்கும் நிறமாலையில் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய கோடுகளைக் காட்டும். எனினும், ஷ்மிட் கண்ட கோடுகள் எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை.

1963ஆம் ஆண்டு பிப்ரவரியில் புதிர் அவிழ்ந்தது. ரப்பர் பட்டையில் மையால் சில கோடுகளை இட்டு இழுத்துப் பாருங்கள். இடைவெளிகள் அனைத்தும் ஒரே விகிதத்தில் விரியும். அதுபோலவே, நன்கு அறிந்த ஹைட்ரஜன் கோடுகள்தாம் ஏறத்தாழ 16 விழுக்காடு நீண்ட அலைநீளத்திற்கு, அதாவது சிவப்பு நிறத்தை நோக்கி, நகர்ந்திருந்தன. இதுவே செம்பெயர்ச்சி எனப்படும்.

பேரண்டம் விரிவடைந்துகொண்டே இருக்கிறது. ஒளி நெடுந்தொலைவு பயணம் செய்தால், அதன் அலைநீளமும் அதற்கேற்ப மிகுதியாக நீளும். எனவே, செம்பெயர்ச்சியை அளந்தால் தொலைவைக் கணக்கிடலாம். 3சி 273 விண்மீனே அன்று. சுமார் 200 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள குவேசார் என்பது தெரியவந்தது. பெரும் கருந்துளையை நோக்கிச் சுழன்று விழும் வாயுவே அத்தகைய பேரொளியை வீசுகிறது.

இதைவிடத் தொலைவிலுள்ள குவேசார்களை அளப்பது அன்று கடினமாக இருந்தது. தகட்டின்மீது நூறு ஒளித்துகள்கள் விழுந்தால், ஓரிரண்டு மட்டுமே பதிவாகும். 1969இல் உருவாக்கப்பட்ட சிசிடி என்னும் சிலிக்கான் உணர்கருவி இக்குறையைப் போக்கியது. இன்றைய சிசிடிகள் நூற்றில் எண்பதுக்கும் மேற்பட்ட ஒளித்துகள்களைப் பதிவு செய்கின்றன. மிகத் தொலைவிலுள்ள குவேசார்களின் ஒளியோ அகச்சிவப்புக் கதிராகவே நம்மை வந்தடைகிறது. அதற்கெனத் தனி உணர்கருவிகள் உள்ளன. அவற்றால், 1,300 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியைக்கூட இன்று ஆராய முடிகிறது.

ஷ்மிட்டின் தகட்டில் இருந்தவை புதிய கோடுகள் அல்ல. இடம் மாறிய பழைய கோடுகளே. அதை உணர்ந்த கணத்தில், மனிதன் அறிந்த பேரண்டத்தின் எல்லை விரிந்தது.

சிந்தித்து விடையளிக்க:
1. 3சி 273இன் நிறமாலைக் கோடுகளை ஷ்மிட்டால் முதலில் அடையாளம் காண இயலாதது ஏன்?
2. ரப்பர் பட்டை எடுத்துக்காட்டு எதனை விளக்குகிறது?
3. ஒளிப்படத் தகட்டைவிடச் சிசிடி எவ்வாறு சிறந்தது?