முதல் குடம் சொல்லும் சேதி

தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது. முதல் குடம் லேசாகக் கலங்கி, வாடையோடு இருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? "பழைய பைப்பு, அப்படித்தான் வரும்" என்று கொட்டிவிட்டு அடுத்த குடத்தை வைப்பீர்கள். கொட்டுவது சரிதான். ஆனால் சொல்லாமல் விடுவது சரியில்லை.

ஏன் முதல் குடத்தில் மட்டும்?

நம் ஊர்களில் பெரும்பாலும் குடிநீர் நாள் முழுக்க வருவதில்லை. குழாயில் தண்ணீர் ஓடும்போது அழுத்தம் இருக்கும். விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். சப்ளை நின்றதும் அழுத்தம் குறைந்துவிடும். அப்போது அதே விரிசல் வழியாக வாறுகால் தண்ணீர் குழாய்க்குள் இறங்கலாம். அடுத்த முறை திறந்துவிடும்போது அதுதான் முதலில் வீட்டுக்கு வரும். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினாலும் இதே ஆபத்துதான்.

ஆய்வாளர் எதைப் பார்க்கிறார்?

சுகாதார ஆய்வாளர் குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, சில சொட்டு மருந்து விடுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் மஞ்சளாக மாறினால் அதில் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலந்தால் மட்டும் போதாது. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால், வழியில் எங்கோ அழுக்கு கலந்து குளோரினைத் தீர்த்திருக்கலாம். தெளிவாகத் தெரியும் தண்ணீரிலும் கிருமி இருக்கும் என்பதால்தான் இந்தச் சோதனை.

உங்கள் தகவல் ஏன் தேவை?

1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, டாக்டர் ஜான் ஸ்னோ எந்தெந்த வீட்டில் சாவு நடந்தது என்று கேட்டு வரைபடத்தில் குறித்தார். பெரும்பாலானவை ஒரே ஒரு தெருப் பம்பைச் சுற்றியே இருந்தன. கசிவைக் கண்டுபிடிக்கும் வழி இன்றும் இதுதான். எந்தத் தெரு, எத்தனை வீடு, எத்தனை மணிக்கு என்று தெரிந்தால், தோண்ட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது

• கலங்கல் நீரைப் போட்டோ எடுங்கள். தெரு, நேரம், பக்கத்து வீடுகளின் நிலை ஆகியவற்றைக் குறித்து நகராட்சி அலுவலகத்திலோ 1100 எண்ணிலோ புகார் கொடுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

• சரியாகும் வரை, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு, ஆறவைத்துக் குடியுங்கள்.

• மாடித் தொட்டியைக் கழுவி நிரப்பிய பிறகு, 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளி நீரில் கரைத்துத் தெளியவிடுங்கள். தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள்.

• வயிற்றுப்போக்கு வந்தால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். ஒரே தெருவில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால், அதை ஆஸ்பத்திரியில் மறக்காமல் சொல்லுங்கள். ஆலோசனைக்கு 104.

சங்கரன்கோவில்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஆடித்தபசுக்கு வெளியூர் ஜனம் திரளும்போது, உங்கள் தெருக் குழாயில்தான் அவர்களும் தண்ணீர் குடிப்பார்கள். கசிவைத் திருவிழாவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு அந்த ஒரு போன் பெரிய உதவி.