கிளிமீனை இனங்காணல்

நெய்தல் நிலத்துப் பிள்ளைகள் பலர் நம் கல்லூரியிற் பயின்றுள்ளனர். அவர்க்கு மீனைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆயினும் ஒரு மீனை இனங்காண்பதில் யாம் செய்த தவற்றை எழுதுவது மாணவர்க்குப் பயன்படுமென எண்ணுகின்றோம்.

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரையில் ஒருநாட் காலை மாணவருடன் நின்றோம். எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவும் அதனைச் சூழ்ந்த முருகைக்கற் பார்களும் உள. (பார் என்பது கடலடிக் கற்றிட்டு, முத்துப்பார் என்பதிலும் இச்சொல்லே வருகின்றது.) அப்பகுதி 2003ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக்கப்பட்டது. அதற்கப்பாலுள்ள பார்களிற் பிடித்த மீன்களே கரைக்கு வந்தன. அவற்றுட் சில, மஞ்சள் உடலிற் குறுக்கே ஐந்து நீலப்பட்டைகள் உடையன. ஒன்று மாத்திரம் சற்றுப் பெரிது. பசுநீல உடலும் செதில் விளிம்பில் இளஞ்சிவப்பும் உடையது. மாணவர் இரண்டு இனம் என எழுதினர். யாமும் அதனை ஏற்றுக்கொண்டோம். வலையிழுத்த முதியவர் நகைத்தார். “வாத்தியார் ஐயா, நிறத்தை நம்பாதேங்கோ. வாயைப் பாருங்கோ. எல்லாம் கிளிதான்.”

அவர் கூற்று மெய்யே. கிளிமீனின் முன்பற்கள் ஒன்றோடொன்று இணைந்து அலகாயின. அவ்வலகாற் கல்லைச் சுரண்டி, அதன்மேல் வளர்ந்த பாசியை உண்ணும். உடன்வந்த கல்லைத் தொண்டையிலுள்ள பற்கள் மாவாக அரைக்கும். எனவே வாய் குலத்தைக் காட்டும். பெயர் அவ்வாறு காட்டாது. மலையாளக் கரையிற் கிளிமீன் எனின் வேறொரு மீனைக் கொடுப்பர்.

குலத்தை அறிந்தபின் இனத்தை அறிதலே அரிது. கற்றோரும் இங்கே இடறினர். ஏறத்தாழ 100 இனங்களே உள்ள இக்குலத்திற்கு 300க்கு மேற்பட்ட பெயர்களைச் சூட்டிவிட்டனர். ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் குஞ்சும் வெவ்வேறு நிறமுடையனவாதலே காரணம். யாம் கண்டது ‘ஸ்காரஸ் கொப்பன்’ எனப்படும் நீலவரிக் கிளிமீன். செங்கடலில் இதனைக் கண்டெழுதிய போர்ஸ்கால் என்பவர் 1763இல் யெமன் நாட்டில் இறந்தார்; அவர் நூல் 1775இல் வெளிவந்தது. கொப்பன் என்பது அவர் அரபு மக்களிடம் கேட்ட பெயர். படகுக்காரரின் சொல்லை இகழாத புலமையென இதனைப் பாராட்டலாம்.

மஞ்சள் உடலும் நீலப்பட்டையும் பெண்ணுக்குரியன. ஆணுக்கு வால் பிறைபோல் வளைந்திருக்கும். வாயிலும் கண்ணருகிலும் பசுநீலக் கோடுகள் ஓடும். வியப்பு யாதெனில், வளர்ந்த பெண்ணே பின்னர் ஆணாக மாறுகின்றது. மாறும்போது நிறமும் மாறும். பாரின் வெளிச்சரிவிலும் உள்ளே அமைதியான நீரிலும் இது மேயும். குஞ்சுகள் கரையோரத்துப் பாசிநிலத்திற் காணப்படும். கலங்கிய நீரையும் பிற கிளிமீன்களிலும் மிகுதியாகப் பொறுக்கும்.

அரைத்த கல் மணலாக வெளியேறும். மாலைதீவில் வக்காரு என்னுந் தீவைச் சூழ்ந்த பார்களில் ஆண்டுதோறும் புதிதாகத் தோன்றும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேற்பட்டது கிளிமீன்களாலேயே உண்டாகின்றதென 2015ஆம் ஆண்டு ஆய்வொன்று கூறிற்று. பாசியை மேய்தல் இதனினும் பெரிய பணி. 1998இற் கடல்நீர் வெப்பமுற்றபோது ஹிக்கடுவை, கற்பிட்டி முதலிய இடங்களின் ஆழங்குறைந்த பார்களில் முருகைகள் பெரும்பாலும் மாண்டன. திருகோணமலைப் பார்கள் பெரிதுந் தப்பின. மாண்ட கல்லைப் பாசி மூடினால் இளமுருகை அங்கே ஊன்றாது. பாசியை நீக்க மேய்வோர் வேண்டும். சந்தையிலோ பெரிய மீனுக்கே விலை. பெரியவை பெரும்பாலும் ஆண்.

அன்று மாலை மாணவர் பட்டியலில் ‘இரண்டு இனம்’ என்பதை அடித்து ‘ஒன்று’ எனத் திருத்தினர். பின்னர் ஆண், பெண் எனப் பிரித்து எண்ணினர். மஞ்சள் உடல் பதினொன்று, பசுநீலம் ஒன்றே.