கூர்நோக்கு இல்லத்தில் பிஎச்.டி.: ஒப்புதல் படிவத்தை முதலில் எழுதுங்கள்

தடயவியல் மனநலத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிறவர்களில் பலர் வளரிளம் பருவ மூளையையும் குற்றத்தையும் சேர்த்தே தலைப்பாக எடுக்கிறார்கள். காரணம் தெரிந்ததுதான். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கொடுங்குற்றம் சுமத்தப்பட்ட 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவரைப் பெரியவராக விசாரிக்கலாமா என்று முடிவெடுக்க ஒரு முதற்கட்ட மதிப்பீடு கேட்கிறது. மனத்திறன், உடல்திறன், விளைவை உணரும் ஆற்றல், சம்பவச் சூழ்நிலை ஆகியவற்றை அதில் பார்க்க வேண்டும். அந்த மதிப்பீட்டைச் செய்யும் இளைஞர் நீதிக் குழுமத்தில் குழந்தை உளவியலோ குழந்தை மனநல மருத்துவமோ படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, ஆய்வுக்குத் தேவை இருக்கிறது. சினாப்சிஸ் எழுதுவது, டாக்டரல் கமிட்டி முன் நிற்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, ஆய்வு மாணவர்கள் வழக்கமாக இடறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கேள்வி. ‘குற்றம் செய்த சிறாரின் மூளை எப்படி வேறுபடுகிறது’ என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். கூர்நோக்கு இல்லத்தில் இருப்பவர்கள் விசாரணையில் இருப்பவர்கள். குற்றம் செய்தார்களா என்பதே இன்னும் முடிவாகவில்லை. கேள்வியைக் குறுக்குவதற்கு லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2009-ல் எழுதிய கட்டுரை உதவும். நிதானமாக உட்கார்ந்து யோசிக்கும் திறன் 16 வயதை ஒட்டிப் பெரியவர்களின் அளவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் கோபத்திலும் நண்பர்கள் முன்னாலும் தன்னை அடக்கும் பக்குவம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வளர்கிறது. இந்த இடைவெளி எந்தச் சூழலில் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று கேட்டால் அது ஆய்வு. ‘25 வயதில் மூளை முழுமை பெறுகிறது’ என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து முன்னுரையில் போடாதீர்கள். முன்புற மூளையின் முதிர்ச்சி இருபதுகளின் நடுப்பகுதி வரை தொடர்கிறது என்பது உண்மை. அதற்காக ஒரு பிறந்தநாளன்று அது முடிந்துவிடுவதில்லை.

எம்.ஆர்.ஐ. ஆசை வேண்டாம். பையனை இல்லத்திலிருந்து ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போக உத்தரவு வேண்டும், காவல் வேண்டும், வண்டி வேண்டும். அவ்வளவும் கிடைத்து அவன் உள்ளே படுத்தால், தலையை அசைத்தே பாதிப் படங்களைக் கெடுத்துவிடுவான். ஒரு மடிக்கணினியில் ஸ்டாப் சிக்னல் பணியும், இன்றைக்குச் சிறு தொகையா பிறகு பெருந்தொகையா என்று கேட்கும் பணியும் போதும். மூளைப் படம் கட்டாயம் வேண்டும் என்பவர்கள், நிம்ஹான்ஸ் தலைமையில் நடந்த சி-வேதா போன்ற பெரிய ஆய்வுகளின் தரவுக்கு விண்ணப்பிக்கட்டும்.

ஒப்பீட்டுக் குழுவை உங்கள் குழந்தை படிக்கும் பள்ளியில் தேடாதீர்கள். எட்டாம் வகுப்போடு நின்று லோடு வண்டியில் வேலைக்குப் போன பையனையும் பிளஸ் டூ மாணவனையும் ஒப்பிட்டால், அளந்தது மூளையை அல்ல, பள்ளிக்கூடத்தை. அதே தெரு, அதே வருமானம், அதே படிப்பு, ஆனால் வழக்கு இல்லாதவன். அவன்தான் ஒப்பீடு. இரு பக்கமும் தலைக்காயம், கஞ்சா, சொல்யூஷன் முகரும் பழக்கம் மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வைவாவில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

இனி, பலரும் ஒரு பக்கத்தில் முடித்துவிடும் காரியத்துக்கு வருவோம். ஒப்புதல் படிவம். நான் இதைக் கேள்வித்தாளுக்கும் முன்பே எழுதச் சொல்வேன். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

வழக்கமாக என்ன நடக்கிறது? இணையத்தில் கிடைத்த ஆங்கிலப் படிவம் தமிழாகிறது. அதில் ‘நீங்கள் கூறும் அனைத்தும் முழு இரகசியமாகப் பாதுகாக்கப்படும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு இரகசியக் காப்புச் சான்று உண்டு. அதைக் காட்டி நீதிமன்றத்தில் மறுக்கலாம். இங்கே அப்படி எதுவும் கிடையாது. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையே உள்ள சட்டப் பாதுகாப்பு ஆய்வாளருக்கு இல்லை. சம்மன் வந்தால் நோட்டோடு போய் நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று போக்சோ. அதன் 19-ஆம் பிரிவுப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ‘பெரிய பசங்க ராத்திரி தொந்தரவு பண்றாங்க’ என்று ஒருவன் உங்களிடம் சொல்லலாம். பதினேழு வயதுக் காதலியோடு உள்ள பாலுறவைப் பற்றி இன்னொருவன் பெருமையாகச் சொல்லலாம். இரண்டுமே அந்தச் சட்டத்துக்குள் வரும். ஆகவே ஆய்வுக்கு இன்றியமையாதது அல்ல என்றால் பாலுறவு பற்றிய கேள்வியை எடுத்துவிடுங்கள். தானாக வந்து சொல்பவனுக்கு நீங்கள் என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

எனவே படிவத்தில் இருக்க வேண்டியது கிட்டத்தட்ட இப்படி: ‘தம்பி, நீ இதில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் உன் கேஸ் அப்படியேதான் இருக்கும். நீ சொல்வதை ஹோம் சாரிடம் சொல்ல மாட்டேன். ஆனால் கோர்ட்டு உத்தரவு போட்டால் நான் கொடுத்தாக வேண்டும். அதனால் உன் கேஸைப் பற்றி நான் கேட்க மாட்டேன், நீயும் சொல்லாதே. உன்னையோ வேறு குழந்தையையோ யாராவது தப்பாகத் தொட்டதாகச் சொன்னால், அதை மட்டும் நான் வெளியே சொல்லியே ஆக வேண்டும்.’ படிவத்துக்கு இது கொச்சை என்று எத்திக்ஸ் கமிட்டியில் ஒருவர் சொல்லக்கூடும். விட்டுக்கொடுக்காதீர்கள். ஒப்புதலை யாரிடம் கேட்கிறோமோ அவருக்குப் புரிய வேண்டும் என்பதுதான் 2017 ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதலின் அடிப்படையே.

அதே வழிகாட்டுதல்படி, பெற்றோர் ஒப்புதலோடு பையனின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். பெற்றோரைப் பிடிக்க வசதியான இடம் வாய்தா நாளில் குழுமத்தின் வராந்தா. ஆனால் பெயில் கிடைக்குமா என்று நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும் அம்மாவிடம் காகிதத்தை நீட்டாதீர்கள். உத்தரவு வந்த பிறகு பேசுங்கள். கைநாட்டு வைப்பவர் என்றால் ஒரு சாட்சி வேண்டும். அது இல்லப் பணியாளராக இருக்கக் கூடாது.

பையனிடம் கேட்கும்போது அறையில் வார்டன் இருக்கக் கூடாது. ‘எல்லாரையும் வரிசையா அனுப்பறேன் மேடம்’ என்று கண்காணிப்பாளர் உதவிக்கு வருவார். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வரிசையில் வந்தவன் வேண்டாம் என்று சொல்லவே மாட்டான். படிவத்தை வாசித்து முடித்ததும் ‘புரிந்ததா’ என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை, தலையை ஆட்டுவான். ‘நான் சொன்னதை நீ உன் ஃபிரெண்டுக்குச் சொல்ற மாதிரி சொல்லு’ என்று கேளுங்கள். ‘கையெழுத்துப் போட்டா ஜட்ஜம்மா சீக்கிரம் விடுவாங்கன்னு...’ என்று ஆரம்பித்தால் கையெழுத்து வாங்காதீர்கள். மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள். இரண்டாம் முறையும் அதே பதில் வந்தால் அவனை விட்டுவிடுங்கள். மாதிரி எண்ணிக்கை குறையும், குறையட்டும்.

15-ஆம் பிரிவின் கீழ் மதிப்பீடு நடந்துகொண்டிருக்கும் பையன்களை மாதிரியில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் சட்டம். உங்கள் கைடே குழுமத்துக்கு அறிக்கை தருபவர் என்றால் இரட்டைக் கவனம் வேண்டும். எந்த அக்கா ஆய்வுக்கு வந்தவர், எந்த அக்கா ரிப்போர்ட் எழுதுகிறவர் என்று அவனால் பிரித்துப் பார்க்க முடியாது.

அனுமதிகளில் ஒரு சுற்று விளையாட்டு உண்டு. எத்திக்ஸ் கமிட்டி, இல்லத்தை நடத்தும் துறையின் கடிதத்தைக் கேட்கும், துறை எத்திக்ஸ் சான்றைக் கேட்கும். துறையிடம் ‘எத்திக்ஸ் ஒப்புதலுக்கு உட்பட்டு’ என்று ஒரு கடிதம் கேட்டு வாங்கினால் முடிச்சு அவிழும். இளைஞர் நீதிக் குழுமத்துக்கும் அதே வாரம் மனு கொடுத்துவிடுங்கள்.

உள்ளே போனபின் ஒரே அமர்வில் முக்கியமானதை முடியுங்கள். சட்டப்படி ஜாமீன்தான் விதி. அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால் பையன் வீட்டில் இருப்பான். எஸ்.டி.க்யூ. என்ற நடத்தைக் கேள்வித்தாள் 25 வரிகள்தான், தமிழிலும் உண்டு. அதை வாசித்துக் காட்டிக் குறியுங்கள், அவனிடம் பேனாவைக் கொடுக்காதீர்கள். ஒலிப்பதிவு வேண்டவே வேண்டாம். பங்கேற்பாளர் குறியீடாக வழக்கு எண்ணைப் போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது, எக்செல்லில் தேட வசதியாம்! சம்மனோடு வருபவருக்கும் அதே வசதி. குறியீட்டையும் பெயரையும் இணைக்கும் தாளைத் தனியே பூட்டி வையுங்கள். தரவு சரிபார்த்து முடிந்ததும், கமிட்டி அனுமதித்த தேதியில் அழித்துவிடுங்கள்.

முடிவுரை எழுதும்போது ‘இந்தச் சோதனையைப் பிரிவு 15 மதிப்பீட்டில் பயன்படுத்தலாம்’ என்று எழுதக் கை பரபரக்கும். உங்களிடம் இருப்பது குழுவின் சராசரி. குழுமத்தின் முன் நிற்பது ஒருவன். சராசரியில் தெரியும் வித்தியாசத்தை அவன் தலையில் ஏற்ற எந்தப் புள்ளியியலும் இல்லை. 2005-ல் ரோப்பர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 18 வயதுக்குக் கீழே மரண தண்டனையை நீக்கியது ஒட்டுமொத்தமாக அந்த வயதினருக்குத்தான். அதுபோன்ற கொள்கை வாதத்துக்கு உங்கள் எண்கள் பயன்படும். அதை அப்படியே எழுதுங்கள்.

கடைசியாக, தீசிஸ் சோத்கங்காவில் ஏறும், யாரும் படிக்கலாம். ‘நேர்வு ஆய்வு 3: 16 வயது, இன்ன மாவட்டம், தாய்மாமனைக் குத்தியதாக வழக்கு’ என்று எழுதினால் அந்த ஊர்க்காரருக்குப் பெயர் தேவையில்லை. சிறாரை அடையாளம் காட்டும் விவரத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாவட்டம், உறவு, ஆயுதம், மாதம் நான்கையும் எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். அதன் பிறகு நேர்வில் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அந்த நேர்வையே நீக்கிவிட்டு அட்டவணையோடு சமர்ப்பியுங்கள்.