அடைப்பைத் திறக்கும் கம்பி வலை

பசுமலை, மதுரை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஸ்டென்ட் இதயத்துக்கு வைப்பதாயிற்றே, குடலுக்கு எதற்கு என்று போனில் கேட்டாய். நர்சிங் சேரப்போகிறவன் கேட்க வேண்டிய கேள்விதான்.

பெருங்குடலின் இடப்பக்கம் குறுகல். மலமும் அங்கே வரும்போது தண்ணீர் வற்றி இறுகியிருக்கும். அதனால் அங்கு வளரும் புற்றுக்கட்டி சீக்கிரம் வழியை அடைத்துவிடும். வயிறு உப்பும், காற்றுகூடப் பிரியாது, பிறகு வாந்தி. முன்பெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக வயிற்றைத் திறந்து கட்டியை வெட்டி, குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்துப் பை மாட்டுவார்கள். பிரெஞ்சு சர்ஜன் ஹார்ட்மன் 1921-ல் விவரித்த அந்த முறை இன்றும் உயிர் காக்கிறது. ஆனால் ஊதிய வயிறும் வற்றிய உடம்புமாக வரும் முதியவர் அவசர ஆபரேஷனைத் தாங்குவது கடினம்.

ஸ்டென்ட் வந்தது 1990களில். நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பியில் பின்னிய வலைக்குழாய் அது. ஆசனவாய் வழியே கேமராக் குழாயை விட்டு, கட்டியின் இடுக்கில் மெல்லிய கம்பியை நுழைப்பார்கள். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி அதன்மேல் சுருக்கிய வலையை ஏற்றி, உறையை மெதுவாக உருவுவார்கள். இரு முனைகளும் விரிய, கட்டி இறுக்கும் நடுப்பகுதி மட்டும் உடுக்கைபோல் ஒடுங்கித் தெரியும். ஓரிரு நாளில் அதுவும் விரிந்து இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு வழி கிடைக்கும். தேங்கியதோ உடனேயே பீறிட்டு வரலாம். பக்கத்தில் நிற்கும் நர்ஸ் சற்று ஒதுங்கி நிற்பது நல்லது!

வலை கட்டியைக் கரைக்காது, அவகாசம்தான் தரும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் நோயாளியைத் தேற்றி, நிதானமாக ஆபரேஷன் செய்யலாம். நோய் பரவிவிட்டவருக்குப் பை இல்லாமல் மிச்ச நாளைக் கழிக்க உதவும். பிரிட்டனின் கிரெஸ்ட் ஆய்வில், முதலில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, நேரே அவசர ஆபரேஷனுக்குப் போனவர்களைவிட, பை தேவைப்பட்டது குறைவு. ஆயுளில் பெரிய வித்தியாசம் இல்லை. பயம் குடல் ஓட்டையாவதில்தான். ஓட்டையானால் புற்று செல்கள் வயிற்றுக்குள் சிந்தலாம். பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்து ஏறுகிறவருக்கு அந்த ஆபத்து கூடும். ஆசனவாய்க்கு மிக அருகில் வைத்தால் வலியும், ஓயாமல் மலம் வருவது போன்ற உணர்வும் படுத்தும். ஆகவே ‘வைக்க முடியுமா’ என்பதைவிட ‘எதற்காக வைக்கிறோம்’ என்று கேட்பவரே என் கணக்கில் நல்ல டாக்டர்.

மலத்தில் ரத்தம் இந்தப் புற்றுக்கும் அறிகுறியாக இருக்கலாம். ஆனால் நம்மூர்ச் சுவரெல்லாம் மூலம், பவுத்திரம் விளம்பரம். ரத்தம் கண்டவர் அந்த விளம்பரத்தைப் பார்த்தே மூலம் என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் லேகியம் தின்கிறார். தெரிந்தவர் யாரும் அப்படிச் சொன்னால், கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டு. காப்பீட்டு அட்டையை மறக்காதே.

உன் தாய்மாமன்