அடங்கிய குரோமோசோம்

நுழையும்முன்
பெண்ணின் உயிரணுவில் எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு உள்ளன. அவற்றுள் ஒன்று கருவிலேயே அடங்கிவிடுகிறது. அவ்வடக்கம் எவ்வாறு நிகழ்கிறது? அது முழுமையானதா? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

இரண்டும் ஒன்றும்
மனித உயிரணுவில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் ஓர் இணை பாலினத்தைத் தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். எக்ஸ் குரோமோசோமில் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் 800க்கும் மேற்பட்டவை உள்ளன. ஒய்யில் உள்ளவை மிகச் சில. பெண்ணின் இரண்டு எக்ஸும் ஒருசேர முழுமையாகச் செயல்பட்டால் புரதங்களின் அளவு ஆணைவிட இருமடங்காகிவிடும். இயற்கை இதனை எவ்வாறு சமன்செய்கிறது?

பூனை காட்டிய தடம்
1949இல் கனடா நாட்டு அறிஞர்கள் முர்ரே பார், எவர்ட் பெர்ட்ராம் இருவரும் பூனையின் நரம்பணுக்களை ஆராய்ந்தனர். பெண் பூனையின் உட்கருவில் மட்டும் கருமையான சிறு புள்ளி ஒன்று தென்பட்டது. ‘பார் உறுப்பு’ எனப் பெயர்பெற்ற அது, சுருண்டு அடங்கிய எக்ஸ் குரோமோசோமே என்பது பின்னர்ப் புலனாயிற்று.

1961இல் இங்கிலாந்து மரபியலாளர் மேரி லயன், எலிகளின் நிறத்திட்டுகளைக் கொண்டு இதனை விளக்கினார். கருவளர்ச்சியின் தொடக்கத்தில், ஒவ்வோர் உயிரணுவிலும் தாய்வழி எக்ஸோ தந்தைவழி எக்ஸோ தற்செயலாக அடங்குகிறது. அவ்வுயிரணுவின் வழித்தோன்றல்கள் அனைத்திலும் அதே எக்ஸ் அடங்கியே இருக்கும். பூனையின் செம்மஞ்சள் நிறத்துக்குரிய மரபணு எக்ஸில் அமைந்துள்ளது. எனவேதான் கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனைகள் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கின்றன.

‘எக்ஸிஸ்ட்’ என்னும் மரபணுவே இவ்வடக்கத்தைத் தொடங்கிவைக்கிறது. அது உருவாக்கும் ஆர்.என்.ஏ., தான் தோன்றிய குரோமோசோமின்மீதே போர்வைபோலப் படர்ந்து அதனைச் செயலிழக்கச் செய்கிறது.

முழுமையுறா அடக்கம்
அடங்கிய எக்ஸிலும் ஏறத்தாழ 15 விழுக்காட்டு மரபணுக்கள் விழித்திருக்கின்றன. நோய் எதிர்ப்புக்குத் துணைபுரியும் டி.எல்.ஆர்.7 மரபணு, பெண்களின் எதிர்ப்பு உயிரணுக்கள் சிலவற்றில் இரண்டு எக்ஸிலிருந்தும் வெளிப்படுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய், ஆண் ஒருவருக்குப் பெண்கள் ஒன்பதின்மர் என்னும் அளவில் காணப்படுகிறது. அதற்கு இம்மிகை வெளிப்பாடும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இரண்டு எக்ஸ் இருப்பது அரணாகவும் அமைகிறது. ஓர் எக்ஸில் பழுதிருப்பினும், மற்றோர் எக்ஸ் செயல்படும் உயிரணுக்கள் அக்குறையை ஈடுசெய்கின்றன. குருதி உறையாமை நோயாகிய ஹீமோஃபிலியா பெண்களைக் கடுமையாகத் தாக்குவது அரிதாக இருப்பது இதனால்தான்.

ஆகவே, ஒரு பாலினரிடம் கண்ட முடிவை மற்றவர்க்கும் அப்படியே பொருத்துதல் மருத்துவத்தில் பிழையாகக்கூடும். நோயின் காரணத்தை ஆராயுங்கால் இருபாலரின் உயிரணுக்களையும் தனித்தனியே நோக்குதல் இன்றியமையாதது.

கற்பவை கற்றபின்
1. ஆண் பூனைகளிடம் இருநிறத் திட்டுகள் அரிதாக இருப்பதன் காரணத்தை விளக்குக.
2. இரண்டு எக்ஸ் இருப்பது பெண்ணுக்கு அரணா, சுமையா? வகுப்பில் கலந்துரையாடுக.