எஞ்சின் இறக்கிய கூலி

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் வீட்டில் எஞ்சின் படுத்துவிட்டால் அடுப்பும் சேர்ந்து படுத்துவிடும். சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. ரேடியேட்டரில் ஒழுக்கு. அப்பா கவனிப்பதற்குள் எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. பட்டறையில் பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ரிங்குகளும் தேய்ந்திருந்தன. "முழு வேலையாப் பார்த்திடலாம்" என்றார் பட்டறைக்காரர். அப்பா தலையசைத்தார். எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை. பத்தாண்டுப் பழக்கம், கேட்டால் தவறாக எண்ணுவாரோ என்ற கூச்சம்.

பன்னிரண்டு நாள் கழித்து பில் வந்தது. மொத்தம் ரூ. 68,400. அதில் கூலி மட்டும் ரூ. 24,500. ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த அந்தத் தாளை அப்பா என்னிடம் நீட்டினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. பாடப்புத்தகத்தில் இல்லாத அந்த ஒரு தாளைப் படிக்க எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. அதில் அறிந்துகொண்டதை நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

உதிரி உறுப்பின் விலையை நான்கு கடைகளில் விசாரித்து ஒப்பிடலாம். கூலி அப்படியன்று. அது நேரத்துக்கும் கைத்திறனுக்கும் உரிய விலை. பெரிய நிறுவனங்களின் சர்வீஸ் நிலையங்களில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்திருப்பார்கள். ஓர் உறுப்பை எட்டுவதற்கு வழியில் உள்ளவற்றைக் கழற்றி மாட்டும் நேரமும் அந்தக் கணக்கில் அடங்கும். ஆகவே இரண்டு வேலைகளுக்கு ஒரே கழற்றல் போதுமென்றால், அதற்கு ஒரு முறைதான் கூலி போட வேண்டும்.

எங்கள் பில்லில் இருந்தவை இவை: எஞ்சின் இறக்கி ஏற்ற 7,000, பிரித்துப் பூட்ட 9,000, கிளட்ச் மாற்ற 3,500, டைமிங் பெல்ட் மாற்ற 1,500, வாட்டர் பம்ப் மாற்ற 1,500, லேத் வேலைக்கு 2,000.

கிளட்ச் மாற்றுவதில் பெரும்பாடு கியர்பாக்ஸைப் பிரித்து எடுப்பதுதான். எஞ்சினை இறக்கும்போதே அது பிரிந்துவிட்டது. கிளட்ச் கண்ணெதிரே இருந்தது. டைமிங் பெல்ட்டைக் கழற்றாமல் ஹெட்டைத் தூக்கவே முடியாது. எங்கள் காரில் வாட்டர் பம்பும் அந்த பெல்ட்டில்தான் ஓடுகிறது. 'பிரித்துப் பூட்ட' என்ற வரியில் இவையெல்லாம் ஏற்கெனவே அடங்கியவை.

இதை ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு அப்பாவுடன் போனேன். "படிக்கிற திமிரா தம்பி?" என்றுதான் பேச்சுத் தொடங்கியது. அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் குரலை உயர்த்தவில்லை. வரி வரியாகக் கேட்டேன். லேத் பட்டறை ரசீதைக் காட்டச் சொன்னேன். அதில் ரூ. 1,600 இருந்தது. மீதி 400 எஞ்சின் பிளாக்கைக் கொண்டுபோய்க் கொண்டுவந்த வண்டிச் சத்தம் என்றார். அது நியாயமே, அதில் நான் தவறாகச் சந்தேகப்பட்டுவிட்டேன். பெல்ட், பம்ப் இரண்டின் கூலியையும் அடித்துவிட்டு, கிளட்சுக்கு 1,000 மட்டும் வைத்துக்கொண்டார். ரூ. 5,500 குறைந்தது. அப்பாவுக்கு அது ஒரு வாரச் சம்பாத்தியம்.

அவர் மறுத்திருந்தால் என்ன செய்வது என்பதையும் படித்துவைத்திருந்தேன். சினத்தில் பணம் தராமல் வண்டியை எடுக்க முயல்வது வீண். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆம் பிரிவு, வேலை செய்தவர் தமக்குரிய கூலி கிடைக்கும்வரை பொருளை நிறுத்திவைக்க உரிமை தருகிறது. வண்டி நின்றால் நாள் வருமானமும் நிற்கும். பில்லின் நகலில் 'ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்' என்று எழுதி, பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவிட்டுப் பிறகு வழக்காடுவதே மேல்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிழைப்புக்காகத் தாமே தொழில் செய்பவரும் நுகர்வோரே. ஆகவே சொந்தக் காரைத் தாமே ஓட்டும் அப்பாவும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பல கார்களுக்கு ஆள் வைத்து ஓட்டும் முதலாளியின் நிலை வேறு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். 1915 என்ற எண்ணில் முதலில் ஆலோசனை கேட்கலாம். பில் தர மறுப்பதையும் இச்சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது.

ஆனால் 'கூலி அதிகம்' என்று மட்டும் சொன்னால் போதாது. 'பேசியதற்கு மேல் வாங்கினார்' என்று காட்ட வேண்டும். பேசியதே இல்லையென்றால் எதைக் காட்டுவது? எங்களிடம் இருந்த பெரிய ஓட்டை அதுதான். எஞ்சினைத் திறக்கும் முன் ஒரு மதிப்பீடு, திறந்தபின் புதிய பழுது தெரிந்தால் இன்னொன்று. இரண்டையும் தாளில் வாங்கியிருக்க வேண்டும். செல்பேசியில் வந்த ஒரு செய்தியாக இருந்தாலும் உதவியிருக்கும்.

கழற்றிய பழைய உறுப்புகளையும் கேட்டோம். ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தார். தேய்ந்த ரிங்குகளைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான், அந்த வேலை உண்மையிலேயே தேவைப்பட்டது என்று அப்பாவுக்கு மனம் ஆறியது. இப்போதும் அதே பட்டறைக்குத்தான் போகிறார். சென்ற மாதம் பிரேக் வேலைக்குப் போனபோது, கேட்கும் முன்பே பட்டறைக்காரர் தொகையைத் தாளில் எழுதிக் கொடுத்தாராம்; தமிழில்.